மெல்லிய நரம்பில் மீன்: தென்பெண்ணையிலிருந்து காவிரிக்கு ஓர் அம்மாவும் மகனும்

வெள்ளி, காவேரிப்பட்டினம்

மகனுக்குக் காலாண்டு விடுமுறை விட்டாச்சு. தர்மபுரியிலிருந்து தூண்டிலும் கையுமாக இருவரும் கிளம்பிவிட்டோம். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் அன்றைக்கு நடந்ததை எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன்.

ராடும் (தூண்டில் கழி) ரீலும் (நரம்பைச் சுற்றி வைக்கும் உருளை) என் தம்பி கொடுத்தவை. அவன் தூத்துக்குடியில் வேலை பார்க்கிறான். லீவு கிடைத்தால் தெரிந்தவர்களின் படகில் ஏறி, மெல்லிய நரம்பில், அதாவது தூண்டில் நூலில், வஞ்சிரம் பிடிப்பான். அந்த வீடியோக்களை மருமகனுக்கு அனுப்பி வைத்ததிலிருந்து இங்கே ஒரே பேச்சுதான்: "அம்மா, நானும் வஞ்சிரம் பிடிக்கணும்." வஞ்சிரம் கடல் மீன். தர்மபுரியிலிருந்து கடலுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் அந்த வீடியோக்களில் அவனைப் பிடித்துக்கொண்டது எது என்று எனக்குத் தெரியும். மீன் ஓடும்போது ரீல் 'கிர்ர்ர்' என்று நரம்பை விடுகிற அந்தச் சத்தம். அந்தச் சத்தத்தை நம் ஊர்த் தண்ணீரிலேயே அவன் கேட்கலாம் என்று எனக்கு நம்பிக்கை. தென்பெண்ணையும் காவிரியும் ஓடுகிற இரண்டு மாவட்டங்களை விட்டுவிட்டு எங்கே போவது?

நான் பிறந்தது கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினத்தில். மூங்கில் கழியில் நரம்பைக் கட்டி, மண்புழு கோத்து, தென்பெண்ணையில் அப்பா எனக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தார். ரீல் எல்லாம் அப்போது கிடையாது. மீன் பெரிதாக இருந்தால் கழியோடு இழுக்க வேண்டியதுதான். நரம்பு தாங்கினால் மீன் கரைக்கு வரும், தாங்காவிட்டால் போகும்.

சித்தி வீட்டில் பையை வைத்துவிட்டு முதல் வேலையாக டிராக்கைச் சரிபார்த்தோம். எவ்வளவு இழுப்பு வந்தால் ரீல் நரம்பை விட வேண்டும் என்று வைக்கிற திருகுதான் டிராக். தூண்டில் போடப் போகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதுதான் என்பேன். எங்கள் நரம்பு 8 பவுண்ட் தாங்கும், அதாவது மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இழுப்பு வந்ததும் ரீல் நரம்பை விட்டுவிட வேண்டும். அதை அளக்கத் தராசு தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ. பாட்டிலின் கழுத்தில் நரம்பைக் கட்டி ராடைத் தூக்கினால், பாட்டில் தரையை விட்டு எழும் நேரத்தில் ரீல் மெதுவாக வழுக்க வேண்டும். வழுக்காவிட்டால் திருகைத் தளர்த்து. பாட்டில் அசையாமலே வழுக்கினால் இறுக்கு. திண்ணையில் உட்கார்ந்து அவனே திருகித் திருகிப் பார்த்துச் சரியாக வைத்தான்.

சாயங்காலம் ஆற்றில் ஜிலேபி மீன். சின்ன முள், ஒரு மிளகளவு ஈயம், மயில் இறகுத் தண்டில் செய்த தக்கை. ஜிலேபி தக்கையை இழுக்கும் விதமே தனி. இரண்டு முறை தட்டும், பிறகு பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு போகும். நகரும்போதுதான் ராடைத் தூக்க வேண்டும். உள்ளங்கை அகல மீன்கூட மெல்லிய நரம்பில் நன்றாகவே சண்டை போட்டது. ராடு நுனி வளைந்து துடிப்பதைப் பார்த்து அவன் போட்ட கூச்சல் சித்தி வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இப்போது அது இல்லாத குளம் குட்டை இல்லை. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். குஞ்சுகள் வெளியே வந்த பிறகும் ஆபத்து என்றால் திரும்ப வாய்க்குள் ஓடிவிடும். இதைக் கேட்டதிலிருந்து பிடித்த ஒவ்வொரு மீனின் வாயையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுகிறான்.

பிடித்ததை எல்லாம் விட்டுவிட்டோம். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் இந்த ஆறு நுரை பொங்க வருவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். மேலே ஆலைக் கழிவும் சாக்கடையும் கலக்கிற ஆற்றில் பிடித்த மீனைப் பிள்ளைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் அப்பா இதே கரையில் குனிந்து கையால் அள்ளிக் குடித்த தண்ணீர் இது. எழுதும்போதே வயிறு எரிகிறது.

சனி, பாரூர்

காலையில் முதலில் கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை. காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் திறக்கப்பட்டது, முழு நீர்மட்டம் 52 அடி. 2017 நவம்பரில் ஒரு மதகின் ஷட்டர் உடைந்து தண்ணீர் பாய்ந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மதகைத் திறந்தால் ஆற்றில் தண்ணீர் சட்டென்று ஏறிவிடும். அதனால் அணைக்குக் கீழே ஆற்றுப் பாறைகளில் உட்கார்ந்து தூண்டில் போடும் ஆசையைப் பிள்ளைகளுடன் வருகிறவர்கள் மூட்டை கட்டிவிட வேண்டும். நாங்கள் பூங்காவைச் சுற்றிவிட்டு, வறுத்த மீன் வாசனையையும் தாண்டி பாரூருக்கு பஸ் பிடித்தோம்.

பாரூர் பெரிய ஏரிக்கும் தண்ணீர் தென்பெண்ணையிலிருந்துதான், நெடுங்கல் அணைக்கட்டு வழியாக வருகிறது. மீன் குத்தகை எடுத்திருக்கும் அண்ணனைச் சித்தப்பாவுக்குப் பழக்கம். குத்தகை ஏரியில் கேட்காமல் தூண்டில் போடுவது அடுத்தவர் தோட்டத்தில் மாங்காய் பறிப்பது மாதிரி. போய்க் கேட்டோம். "பையன் ஆசையா வந்திருக்கான், போடட்டும்மா. கட்லா, ரோகு குஞ்சு மாட்டினா மட்டும் விட்டுடுங்க. விரால் கிடைச்சா எடுத்துக்கோங்க" என்றார்.

ஏரியின் ஓரமெல்லாம் அல்லியும் கோரையும். விரால் இருக்கும் இடம் இப்படித்தான் இருக்கும். விராலுக்குக் காற்றை நேராகச் சுவாசிக்கத் தெரியும். அதற்காக அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துவிட்டுப் போகும். அந்த வளையத்தைப் பார்த்துவிட்டால் அது இருக்கும் இடம் தெரிந்துவிடும். புழுவை விட்டுவிட்டுச் சின்னத் தவளை உருவில் செய்த ரப்பர் இரையைக் கட்டினோம். அல்லி இலை மேல் போட்டு, இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, அங்க பாரு, தண்ணி சிவப்பா கொதிக்குது!" கோரைக்குப் பக்கத்தில் ஒரு கூடை அகலத்துக்குத் தண்ணீர் நெளிந்துகொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில், செம்மஞ்சள் நிறத்தில், ஒரே திரளாக மேலே வந்து காற்று எடுத்துவிட்டு உள்ளே போயின. திரளுக்குக் கீழே நிச்சயம் தாயும் தகப்பனும் இருக்கும். விரால் ஜோடி குஞ்சுகளை வாரக்கணக்கில் காவல் காக்கும். பக்கத்தில் எது வந்தாலும் பாயும். இரையைப் போட்டால் பசி இல்லாவிட்டாலும் கோபத்தில் கவ்விவிடும். போட்டவுடன் விரால் கிடைக்கும் என்று சிலர் இந்தத் திரளைத் தேடிப் போவதே அதனால்தான்.

"போடட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் கொக்கும் கெளுத்தியும் தண்ணீர்ப் பாம்பும் சாயங்காலத்துக்குள் திரளைத் தின்று தீர்த்துவிடும் என்று விளக்கினேன். முகம் தொங்கிப்போய்விட்டது. வாதாடினான். "ஒண்ணு பிடிச்சா இன்னொண்ணு பாத்துக்காதா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான், ஆனாலும் விடவில்லை. கரையோரமாக வெகுதூரம் தள்ளிப் போய்ப் போட்டோம். ஒரு விரால் இரையைத் துரத்திக்கொண்டு கரை வரைக்கும் வந்து, எங்கள் நிழலைப் பார்த்ததும் திரும்பிவிட்டது. அதன் தலை அகலத்தைப் பார்த்துவிட்டு அவன் ஒரு நிமிஷம் பேசவே இல்லை.

மீன் இல்லாமல் திரும்பினோம். பஸ்ஸில் அவன் பேசியதெல்லாம் அந்தக் குஞ்சுத் திரளைப் பற்றி.

ஞாயிறு, போச்சம்பள்ளி, தர்மபுரி

இன்று தூண்டிலை எடுக்கவில்லை. போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஆடு, கோழி, புளி, கருவாடு என்று கூட்டம் நெரிந்தது. கேழ்வரகு மாவும் கடலைப் பிண்ணாக்கும் வாங்கிக்கொண்டு தர்மபுரி வீட்டுக்கு வந்தோம்.

வழியில் மீன் கடையில் ஐஸ் மேல் ஒரு முழு வஞ்சிரம் கிடந்தது. மகன் அங்கேயே நின்றுவிட்டான். கடைக்காரர் நல்ல மனிதர், வாயைத் திறந்து காட்டினார். முக்கோண வடிவில், கத்தி முனை மாதிரி வரிசையாகப் பற்கள். வெள்ளி உடம்பில் குறுக்கே கருங்கோடுகள், பிறை போல வளைந்த வால். உடனே மாமாவுக்கு வீடியோ கால். இந்தப் பல் நரம்பை ஒரே கடியில் அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டுவார்களாம். முதல் ஓட்டத்திலேயே ரீலில் இருக்கும் நரம்பில் பாதியை உருவிக்கொண்டு போய்விடுமாம். "அந்த நேரத்துல ரீலைப் பிடிச்சே, அவ்ளோதான் மருமகனே, அறுந்துடும். கையை எடுத்துட்டு நில்லு" என்றான் தம்பி. நான் திண்ணையில் சொன்னதையே மாமா சொன்னதும்தான் வேதவாக்கானது.

திங்கள், ஒகேனக்கல்

பென்னாகரம் தாண்டி மலையிறக்கத்தில் பஸ் வளையும்போதே காற்று மாறிவிடுகிறது. பரிசல் ஓடிக்கொண்டிருந்தது. தமிழக எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் தண்ணீரை அளக்கிறது. வரத்து கூடினால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் கிளம்பும் முன் அன்றைய அளவைச் செய்தியில் பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே நாங்கள் தூண்டில் போடவில்லை. சுற்றியிருக்கும் காட்டில் பெரும்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் வருகிறது. ஆற்றில் முதலையும் உண்டு. எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காவிரி மாசீர் இந்த ஆற்று மீன். முதுகில் திமில், ஆரஞ்சுத் துடுப்பு, காசளவு செதில்கள், நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் உடம்பு. காவிரியையும் அதன் துணை ஆறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1946-ல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடித்த ஒரு மாசீர் 120 பவுண்ட் இருந்தது, அதாவது 54 கிலோ. இன்று அந்த இனம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2018-ல்தான் அதன் அறிவியல் பெயரே உறுதியாகி, மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. அணைகள், மணல் அள்ளுவது, வெடி வைத்து மீன் பிடிப்பது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு மாசீர் இனம் என்று எல்லாம் சேர்ந்து அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன.

பரிசல் பாறைகளுக்கு நடுவே சுழலும்போது இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். பரிசல் ஓட்டிய பெரியவர் கேட்டுக்கொண்டே வந்தார். "நாங்க சின்னப் பசங்களா இருந்தப்போ களி உருண்டையைத்தாம்மா முள்ளுல குத்துவோம். கேழ்வரகு வாசனைக்கு அது ஓடி வரும்" என்றார். வெள்ளைக்காரர்கள் காவிரியில் மாசீர் பிடித்த காலத்திலும் இரை கேழ்வரகு உருண்டைதான். நம் வீட்டு அடுப்பில் கிண்டுகிற அதே களி.

கரையில் மீன் சமைத்துத் தரும் அக்காக்களிடம் ஜிலேபி வாங்கிக் கொடுத்து வறுவல் சாப்பிட்டோம். எண்ணெய்க் குளியலுக்கு அவன் மறுத்துவிட்டான்.

செவ்வாய், நாகமரை

பென்னாகரத்தில் தங்கி, காலையில் ஏரியூர் வழியாக நாகமரை. மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு இதுவரைக்கும் விரிந்து கிடக்கிறது. 1934-ல் அணை வந்தபோது இந்தப் பள்ளத்தில் இருந்த ஊர்கள் தண்ணீருக்குள் போயின. எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் அந்தப் பக்கம் பழைய கோயிலின் நந்தி சிலை வெளியே தெரியும். இப்போது தண்ணீர் நிறைய இருந்ததால் நந்தி உள்ளே இருந்தது.

இங்கே உரிமம் பெற்ற மீனவர்கள் பரிசலில் வலை போடுகிறார்கள். கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் கேட்டோம். தன் வலைக்குத் தள்ளி ஒரு மேட்டைக் காட்டி, "அங்க உக்காருங்க. ஆனா வலது பக்கம் பழைய மரக்கட்டை நிறைய கிடக்கு, பாத்து" என்றார்.

களியையும் பிண்ணாக்கையும் பிசைந்து உருண்டை. கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும், அது மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுத் தண்ணீரில். மிருகாலுக்கு வாய் கீழே பார்த்தபடி இருக்கும், அது தரையைக் கிளறும். மூன்றுமே வடக்கத்தி ஆறுகளிலிருந்து கொண்டுவந்து, குஞ்சு விட்டு வளர்க்கிறவை. உருண்டையைத் தரைக்குச் சற்று மேலே நிற்கும்படி தக்கையை ஏற்றிக் கட்டினோம். முள்ளில் முடிச்சு போட்டதும் எச்சில் தொட்டு நனைத்துவிட்டு இறுக்கச் சொன்னேன். காய்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் பலம் போய்விடும்.

வெயில் ஏறும் வரை ஒன்றும் இல்லை. அப்புறம் தக்கை மெதுவாகச் சாய்ந்தது. நிமிர்ந்தது. ஒரேயடியாக உள்ளே போனது.

அவன் ராடைத் தூக்கியதும் ரீல் கத்த ஆரம்பித்தது. கிர்ர்ர்ர். நிற்கவே இல்லை. அவன் கை தன்னால் ரீலின் கைப்பிடிக்குப் போனது. "சுத்தாதே! ஓடட்டும்!" என்றேன். கையை எடுத்துவிட்டான். ராடை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, நரம்பு போகிற திசையையே பார்த்தான். ரீல் நரம்பை விடும்போது சுற்றினால் ஒன்றும் உள்ளே வராது, நரம்பு முறுக்கிக்கொள்ளும். அதை அவனுக்கு மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மீன் நின்றது. "இப்போ ராடை மெதுவா மேல தூக்கு. இறக்கும்போது சுத்து." தூக்கினான், இறக்கிச் சுற்றினான். நாலு சுற்று உள்ளே வந்தால் பத்து சுற்று வெளியே போனது. பிறகு மீன் வலது பக்கம் திரும்பியது, நேராக அந்தக் கட்டைகளைப் பார்த்து. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அண்ணனும் வலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். இந்த நரம்பில் இழுத்து நிறுத்த முடியாது. ராடைத் தண்ணீர்ப் பக்கமாகத் தாழ்த்தி, இடது பக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். நேராக இழுத்தால் மீன் இன்னும் முரண்டு பிடிக்கும், பக்கவாட்டு இழுப்பில் தலை திரும்பும். தலை திரும்பினால் உடம்பும் கூடவே வந்தாக வேண்டும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். கை நடுங்கியது. "நீ வாங்கிக்கிறியாம்மா?" என்று அவன் கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நானும் கையை நீட்டவில்லை.

கட்டைக்கு நாலு முழம் இருக்கும்போது மீன் வளைந்து ஆழத்துக்குத் திரும்பியது.

அதன் பிறகு ஓட்டங்கள் சிறிதாகின. கரையருகே பக்கவாட்டில் சாய்ந்து வந்தபோதுதான் பார்த்தோம்: ரோகு, செதில்களில் செம்பு நிறம். எங்களைப் பார்த்ததும் இன்னொரு முறை ஓடியது. கடைசி நேரத்தில் அறுந்து போவதெல்லாம் இப்படிப்பட்ட ஓட்டத்தில்தான். டிராக் பார்த்துக்கொண்டது. அண்ணன் கைவலையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி வைத்தார், மகன் பின்னால் நகர்ந்து மீனை அதன் மேல் கொண்டுவந்தான். அண்ணனின் தராசில் இரண்டே கால் கிலோ.

8 பவுண்ட் நரம்பில், ஒரு தண்ணீர் பாட்டில் அளவு இழுப்பில், பன்னிரண்டு வயதுப் பையன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மீன் பக்கத்தில் மண்டியிட்டு அதன் மீசையைத் தொட்டுப் பார்த்தான்.

"இதை விடணுமாம்மா?" என்றான். இது சாப்பிடுவதற்காகவே வருஷா வருஷம் குஞ்சு விட்டு வளர்க்கிற மீன், எடுத்துக்கொள்ளலாம் என்றேன். பாரூர் விராலும் ஒகேனக்கல் மாசீரும் வேறு கணக்கு. தலையாட்டினான். பாதியை அண்ணனுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவனே சொன்னான்.

கரையில் உரசியிருக்கும் என்று முள்ளுக்கு முன்னால் இருந்த நரம்பை விரலால் தடவிப் பார்த்தோம். சொரசொரப்பாக இருந்த இரண்டு முழத்தை வெட்டி, மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். வெட்டிய நரம்பைக் கரையில் விடவே கூடாது. கொக்கு, நாரைகளின் காலில் சிக்கி நடக்க முடியாமல் செய்துவிடும்.

மதியச் சாப்பாடு அண்ணன் வீட்டில். அவர் மனைவி புளிக்குழம்பு வைத்து, சூடாகக் களி கிண்டிப் போட்டார். மகன் நடுவில் எழுந்து போய் மாமாவுக்குப் போன் செய்து, ஓட்டம் எவ்வளவு தூரம், கட்டை எங்கே, ராடை எப்படிச் சாய்த்தான் என்று மூச்சு விடாமல் சொன்னான். வஞ்சிரத்துக்கு இன்னும் எவ்வளவு நரம்பு வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். திரும்பி வந்து உட்கார்ந்து முள் எடுக்கத் தொடங்கினான். வஞ்சிரத்தில் நடுமுள்ளைத் தவிரத் தொல்லை கிடையாது. ரோகுவில் சதைக்குள் கவை முட்கள், அதுவும் வால் பக்கம் அதிகம்.

"வயித்துத் துண்டு போடட்டுமா கண்ணு?" என்றார் அக்கா.

"இல்லக்கா, வாலே இருக்கட்டும். இந்தப் பக்கம்தான் கட்டையை விட்டுத் திரும்புச்சு."